சிறகின் அழகு யாருடைமை?

சென்ற ஐப்பசித் திங்களில், முன்னாளில் என்பால் தமிழ் பயின்ற அன்பர் ஒருவரின் புதல்வர், வெளிநாட்டிற் பணிபுரிந்து திரும்பியவர், என்னைக் காண வந்தார். கையுறையாக ஒரு கண்ணாடிப் பேழையைக் கொணர்ந்து முன்வைத்தார். அதனுள், வெள்ளைத் துணியின்மேல், ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தபடியே ஊசியாற் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. சிறகு கரியது, அக்கருமையின்மேல் மழையில் நனைந்த தளிர்போல் ஒளிரும் பசிய பட்டைகள், உடல் பொன்னிறம். சிறகின் நுனிமுதல் நுனிவரை ஒரு சாணுக்குச் சிறிதே குறையும். அது நியூகினித் தீவினது என்றும், அரசாங்கச் சான்றிதழோடு முறைப்படி விலைக்கு வாங்கியது என்றும் உரைத்தார். பின்பு, “ஐயா, இதைப் பூசையறையில் மாட்டலாமா? இறைவன் படைத்த அழகுதானே?” என்று வினவினார்.

எனக்கு உடனே விடை எழவில்லை. “ஆராய்ந்து சொல்கிறேன், தம்பி” என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் சென்றபின் அப்பேழையை நெடும்பொழுது நோக்கியிருந்தேன். அழகிது என்பதில் ஐயமில்லை. அருவருப்பும் எனக்கு உண்டாகவில்லை. உண்டாயிருந்தால் விடை எளிதாயிருக்கும். கண் அதனை விட்டு நீங்க மறுத்தது. அங்ஙனம் மறுத்ததே என்னை ஆராயத் தூண்டிற்று.

அவர் கூற்றிற் பிழையொன்றும் இல்லைபோலத் தோன்றும். மாயையினின்று உலகைத் தோற்றுவித்தவன் இறைவன் என்பது நம் துணிபு. நாம் நாடோறும் மலர் கொய்து அவன் திருவடியிற் சாத்துகின்றோம். மலர் ஆகுமாயின் சிறகு ஏன் ஆகாது? மலர் கொய்தலாற் கொடி மாய்வதில்லை. மறுநாளும் பூக்கும் என்று உடனே ஒரு விடை கூறலாம். அவ்விடை மெய்யே, ஆயினும் அது போதியதன்று. கேள்வி கொலையைப் பற்றியது மட்டுமன்று. அழகிய பொருளைக் கண்டவுடன் அதனை நம்முடையதாக்க விழையும் அவ்விழைவு யாது என்பதும் இதனுள் அடங்கும்.

பூச்சி திரட்டுதல் மேனாடுகளில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளிற் கற்றாரும் செல்வரும் பெரிதும் போற்றிய பயிற்சி. சிறுவர் வலையேந்தி வயலில் ஓடினர். நாட்டுப்புறத்துப் பாதிரிமார் இரவில் விளக்கேற்றி விட்டில்களை வருவித்துப் பிடித்தனர். உயிரினங்களின் தோற்றம் பற்றி 1859-ல் நூல் வெளியிட்ட சார்லசு டார்வின் தம் மாணவப் பருவ நிகழ்ச்சி ஒன்றைத் தாமே எழுதி வைத்துள்ளார். கேம்பிரிட்சில் ஒருநாள் பட்டுப்போன மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு தோன்றின. கைக்கு ஒன்றாகப் பற்றிக்கொண்டார். அவ்வேளை புதுவகையான மூன்றாவது ஒன்று புறப்பட்டது. அதனையும் விட மனமின்றி, வலக்கையிலிருந்ததை வாயிற் போட்டுக்கொண்டார். அது கொடுங்கார்ப்புள்ள நீரை உமிழ்ந்து நாவைச் சுட்டது. அதனைத் துப்ப நேர்ந்து இழந்தார், மூன்றாவதும் கைநழுவிற்று. இதனினும் நாம் கருதத்தக்கது அவர் தம்மைப் பற்றி ஒப்புக்கொண்ட வேறொரு செய்தி: அவ்வண்டுகளை அறுத்து ஆராயவும் அவர் முனைந்திலர்; அக்காலத்து அவரை ஆட்கொண்டது திரட்டும் வேட்கை ஒன்றே.

இரு கையும் நிறைந்தபின் மூன்றாவதைக் கண்டு வாய்திறப்பது டார்வின் ஒருவர்க்கே உரிய குறையா? மூலமலத்தாற் கட்டுண்ட உயிர் அனைத்திற்கும் அது பொது. உயிர் வியாபகமுடையதாயினும் ஆணவ மறைப்பாற் சிற்றறிவினதாய், தன் குறையைத் தன்னுள் நிரப்பும் பொருளை அறியாது, புறத்தே கண்ட யாவற்றையும் எனது, எனது என்று தழுவித் திரிகின்றது. தழுவிய கை நிறைவதே இல்லை.

இனி, திரட்டினாருள் தலைசிறந்தவர் ஒருவரைக் காண்போம். ஆல்பிரட் ரசல் வாலேசு என்பார் 1854 முதல் 1862 வரை எட்டாண்டு மலேயாத் தீவுக் கூட்டத்திற் காடும் கடலும் கடந்து, காய்ச்சலும் பசியும் பொறுத்து உழன்றவர். அவர் திரட்டிய உயிரினப் பொருள்கள் 1,25,660. அவற்றுள் வண்டினம் மட்டும் 83,200. வண்ணத்துப்பூச்சியும் விட்டிலும் 13,100. இதற்கு முன் தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றங்கரையில் நாலாண்டு உழைத்துத் தொகுத்தவற்றுட் பெரும்பகுதியை 1852-ல் நடுக்கடலிற் கப்பல் தீப்பற்றியதால் இழந்து, படகிற் பத்து நாள் மிதந்து உயிர்பிழைத்தார். அங்ஙனம் பிழைத்தும் அவர் ஓய்ந்திலர்.

மொலுக்காத் தீவுகளுள் ஒன்றாகிய பாசானில் 1859-ல் அவர் ஒரு பூச்சியைப் பிடித்தார். கரிய சிறகில் நெருப்புப்போன்ற செம்பொன் நிறம் படர்ந்தது அது. முன்னரே கண்டு, பிடிபடாமற் பலநாள் காத்திருந்தது. வலையினின்று எடுத்துச் சிறகை விரித்தபோது தம் நெஞ்சு படபடத்துக் குருதி தலைக்கேறி மயங்கி விழுமளவிற்கு ஆயிற்று என்றும், அன்றெல்லாம் தலைவலி நீங்கவில்லை என்றும் அவர் எழுதுகின்றார். அன்பரீர், இந்நிலையை நாம் எள்ளுதல் தகாது. மெய்ந்நடுக்கமும் உள்ளக் கிளர்ச்சியும் நம் அடியார்கள் திருவடிக்கீழ் நின்று உற்றன என்று நாம் போற்றுகின்றவையே. ஒரு பூச்சியின் சிறகின்முன் ஒருவர்க்கு அது நேர்ந்ததெனின், அவ்வழகு அவரை ஏதோ ஓரிடத்துத் தொட்டதென்றே கொள்ளவேண்டும். அடுத்து நிகழ்ந்தது யாது? பூச்சி கொல்லப்பட்டது; பெட்டியில் அடங்கியது; ஒரு பெயரும் பெற்றது. அதற்கு அவர் இட்ட பெயர் குரோசசு. பண்டைய இலிதியா நாட்டை ஆண்டு, பெருஞ்செல்வத்தாற் பேர்பெற்ற மன்னனின் பெயர் அது. வியப்பு உடைமையாக மாறிய சுவடு அப்பெயரிலேயே கிடக்கின்றது.

ஆயினும் வாலேசைக் குறைகூறி அமைதல் நேர்மையன்று. நான் தேடிய உண்மையை அவரே ஓரிடத்திற் கூறிவைத்துள்ளார். 1857-ல் ஆரூ என்னும் தீவில் ஒரு சிறிய செந்நிறச் சுவர்க்கப்புள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எண்ணியது இது: இவ்வழகிய உயிர் எண்ணிறந்த தலைமுறைகளாக, காண்பார் ஒருவருமின்றி இருண்ட காட்டிற் பிறந்து வாழ்ந்து மடிந்து வந்துள்ளது, நாகரிக மக்கள் இங்குப் புகுவரேல் இதன் வாழ்வு குலையும், ஆகலின் உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகவே ஆக்கப்பட்டன அல்ல. 1869-ல் வெளிவந்த அவர் நூலில் இது காணப்படும். சித்தாந்தம் பயின்றிலாத ஒருவர் இதனைக் கண்டு சொன்னார் என்பது எனக்கு உவகையே தருகின்றது.

சித்தாந்தம் இதற்கு மேலும் ஒரு படி செல்லும். மனிதனுக்காக அல்லவெனின் யாருக்காக? நம் நூல்கள் ஐயத்திற்கு இடமின்றி விடை கூறும். தனு கரண புவன போகங்கள் அவ்வவ்வுயிர்க்கே. அநாதியே மலத்தாற் பிணிப்புண்ட உயிர், வினைகளை நுகர்ந்து கழித்து மலபரிபாகம் உறுதற்பொருட்டு இறைவன் மாயையினின்று ஈந்த கருவி உடல். எண்பத்துநான்கு நூறாயிர யோனி பேதத்திற் புழுவுடல் ஒன்று, பறவையுடல் ஒன்று. மக்களுடலும் அவற்றுள் ஒன்றே. சிறகும் அதன் வண்ணமும் அவ்வுயிர் துணை தேடவும் பகைக்கு அஞ்சாது உலவவும் தரப்பட்டவை. என் கண் அதனைக் கண்டு மகிழ்வது மிகையாகக் கிடைத்த பேறு, உரிமையன்று. ஒருவன் உழுதுகொண்டிருக்கின்றான். அவன் ஏரின் நுகத்தடி அழகாயிருக்கின்றதென்று நடுவயலில் அதனை அவிழ்த்துக்கொண்டு செல்வாரை நாம் என்னென்போம்?

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. மடத்துப் பாடசாலையிற் படித்த காலத்தில் யான் தீப்பெட்டியிற் பொன்வண்டு வளர்த்தேன். அக்காலத்துச் சிறுவர் பலரும் செய்ததே. மழை தொடங்கியதும் வேலமரத்திற் பச்சையும் பொன்னுமாக மின்னும் அவ்வண்டைப் பிடித்து, தழை இட்டு, பெட்டியைக் காதோடு வைத்து அது சுரண்டும் ஓசை கேட்டு மகிழ்வோம். ஒருநாள் இலக்கண பாடத்தின்போது என் மடியிலிருந்து அவ்வோசை எழுந்தது. ஆசிரியர் சினந்திலர். “உனக்கு இங்கே பாடம் இருக்கிறது, அதற்கும் எங்கேயோ ஏதோ இருக்கும். விட்டுவிட்டு வா” என்றார். விளையாடிவிட்டு மாலையில் விடலாம் என்று எண்ணியிருந்தேன். மாலையிற் பெட்டியைத் திறந்தபோது அது அசையவில்லை. மறுநாள் ஆசிரியர், “விட்டாயா?” என்றார். யான் தலைகுனிந்தேன். அவர் வேறொன்றும் கூறாது பாடத்தைத் தொடங்கினார். தனு கரணம் என்னும் தொடரைப் பின்னாளில் எத்தனையோ முறை பாடஞ்சொல்லியிருக்கின்றேன். “அதற்கும் ஏதோ இருக்கும்” என்ற சொல்லினும் தெளிந்த உரை அதற்கு இன்னும் எனக்குக் கிட்டவில்லை.

ஈண்டுச் சில தடைகள் எழும். அவற்றை ஒளியாது ஆராய்வாம்.

உயிர் நித்தியம், ஓருடல் நீங்கின் மற்றோருடல் எய்தும், பூச்சியுடலினின்று விடுவித்தல் அவ்வுயிர்க்கு நன்மையே அன்றோ எனின், இவ்வாதம் பூச்சியோடு நில்லாது. மக்களைக் கொல்வார்க்கும் இதுவே புகலாகும். ஓருடலில் எவ்வளவு நுகரவேண்டும் என வகுப்பவன் இறைவன். அவன் வகுத்த அளவை இடையில் அறுக்க நமக்கு ஆணை தந்தார் இலர். அது அப்பூச்சியின் ஊழ். திரட்டுவான் வெறுங்கருவி எனின், ஊழை ஊட்டும் தொழில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிலது என்பதே விடை. நம்பால் விதிக்கப்பட்டது இரக்கம். தன் விழைவாற் செய்தவன் பின்னர் ஊழின் மேல் ஏற்றிச் சொல்வது ஆகாமியத்தைப் பெருக்குமேயன்றிக் குறைக்காது.

அறிவுவளர்ச்சிக்கு இது வேண்டாவோ என்னும் தடை இவற்றினும் வலியது. இதனை யான் எளிதில் ஒதுக்கமாட்டேன். இங்கிலாந்தில் வால்டர் ராத்சைல்டு என்னும் பெருஞ்செல்வர் தம் வாழ்நாளில் இருபது லட்சத்திற்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் தொகுத்து, 1937-ல் மறைந்தபோது அவற்றைப் பிரிட்டிசு அருங்காட்சியகத்திற்கு உரிமையாக்கினார். அவர்பொருட்டுப் பொருள் திரட்டச் சென்ற மீக் என்பார் 1906-ல் நியூகினியில் உயரப் பறந்த ஒரு பெரும்பூச்சியைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தினார். பறவையைச் சுடுவதுபோல் ஒரு வண்ணத்துப்பூச்சியைச் சுட்டது விந்தையே! அதற்கு மறுவாண்டு ராத்சைல்டு தம் நாட்டு அரசியாராகிய அலெக்சாந்திராவின் பெயரைச் சூட்டினார். பெண்பூச்சியின் சிறகு விரிந்தால் ஒரு சாணுக்கும் மிகும். உலகிலுள்ள வண்ணத்துப்பூச்சிகளுள் மிகப் பெரியது அதுவே. இன்று அதன் இருப்பிடம் பப்புவா நியூகினியின் ஓரோ மாகாணத்திற் சில காட்டுப் பகுதிகளாகச் சுருங்கிவிட்டது. 1951-ல் இலாமிங்டன் எரிமலை வெடித்து அதன் காட்டிற் பெரும்பகுதியை அழித்தது. எஞ்சியவற்றையும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் அரித்து வருகின்றன. அனைத்துலக வாணிகத்தில் அதனை விற்றல் முற்றும் விலக்கப்பட்டுள்ளது. களவாக விற்ற ஒருவர் 2007-ல் அமெரிக்காவிற் சிறைத்தண்டனை பெற்றார்.

அது குறைந்துவருகின்றது என்று அறிந்ததும், காக்கவேண்டும் என்று சட்டம் செய்ததும், அப்பூச்சி இன்னது என முதலில் ஒருவர் பிடித்துப் பெயரிட்டு வைத்ததனாலன்றோ? பெயரில்லாத ஒன்றைச் சட்டம் காக்காது. இதனை ஒப்புகின்றேன். வலை செய்த கேட்டினும் கோடரி செய்த கேடு பெரிது என்பதனையும் ஒப்புகின்றேன். காட்டையே அழித்து விளைந்த எண்ணெயை நாள்தோறும் வாங்கிக்கொண்டு, பூச்சி பிடித்தவரை மட்டும் பழித்தல் சான்றாண்மை ஆகாது. அறிதற்பொருட்டு வேண்டுமளவு கொள்வது வேறு. கண்டு களிக்கவும் பிறர்க்குக் காட்டவும் குவிப்பது வேறு. ஆனால் இவ்விரண்டும் ஒருவர் நெஞ்சிலேயே பின்னிக் கிடக்கும். எது எவ்வளவு என்று அவரே அறியார்.

கொல்லாமல் அறிந்தாரும் உளர். பிரான்சு நாட்டு ஆன்றி ஃபாபர் 1879 முதல் செரிஞான் என்னும் ஊரில் முட்செடி மண்டிய ஒரு தரிசுநிலத்தை வாங்கிக்கொண்டு, 1915-ல் இறக்குமளவும் அங்கேயே அமர்ந்து, பூச்சிகள் உயிரோடு உழைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பத்துத் தொகுதிகள் எழுதினார். வெயிலில் மணிக்கணக்காகக் குப்புறக் கிடந்து குளவியின் வளையை நோக்கிய அவர் பொறுமை ஒரு தவம். நம் நூல்கள் வேட்டுவக் குளவி புழுவைக் கொணர்ந்து கொட்டிக் கொட்டித் தன் வண்ணமாக்கும் என்று உவமை கூறும். ஃபாபர் முதலியோர் கண்டது வேறு: குளவி கொட்டிச் செயலறச்செய்த புழுவின்மேல் முட்டையிடும், முட்டையினின்று வரும் குஞ்சு அப்புழுவை உண்டு வளர்ந்து குளவியாய் வெளிவரும். இதுகேட்டு மனம் நொந்த அன்பர் சிலரை யான் அறிவேன். நோவ வேண்டுவதில்லை. உவமை, உயிர் சார்ந்ததன் வண்ணமாதலை விளக்க வந்தது. குளவியின் பிறப்பை நிறுவ வந்ததன்று.

இனி, என்னிடம் வந்த பேழைக்கு மீள்வாம். அதனைத் தந்த அன்பர் கூறியது, அது காட்டில் வேட்டையாடப்பட்டதன்று, வளர்க்கப்பட்டது என்பது. மெய்தான். நியூகினியிற் சிற்றூர் மக்கள் தம் தோட்டத்தில் ஒருவகைக் கொடியை நட்டு வளர்க்கின்றனர். நம் நாட்டு ஈசுரமூலிக்கும் ஆடுதீண்டாப்பாளைக்கும் இனமான கொடி அது. காட்டிலிருந்து தாய்ப்பூச்சிகள் வந்து அதில் முட்டையிடும். புழுக்கள் தழையைத் தின்று கூட்டுப்புழு ஆகும். அவற்றுட் சிலவற்றைக் காட்டிற்கு விட்டுவிட்டு ஏனையவற்றை விற்கின்றனர். 1978-ல் அந்நாட்டு அரசு புலோலோ என்னும் ஊரில் இதற்கென ஒரு நிலையமும் அமைத்தது. காட்டை அழியாமலே ஏழைமக்கள் வயிறு வளர்க்க இது வழியாயிற்று. காட்டின்மேல் அவர்க்கு அக்கறையும் உண்டாயிற்று. இந்நன்மையை யான் மறுக்கமாட்டேன்.

ஆயின், வளர்த்த பூச்சியின் சிறகு ஏன் அத்துணைப் பழுதின்றி இருக்கின்றது என்று வினவிப் பார்த்தேன். காட்டிற் பறந்த பூச்சியின் சிறகு கிளையில் உரசிக் கிழியும், பறவை கொத்தும், செதிள் உதிரும். விலைபோவது பழுதற்ற சிறகே. ஆகலின் கூட்டினின்று வெளிவந்து, சுருண்ட சிறகு விரிந்து உலர்ந்தவுடனே, பறக்குமுன் அதனைக் கொன்றுவிடுகின்றனர். என் மேசைமேற் கிடந்த அப்பூச்சி, புழுவாய் ஊர்ந்து கூட்டில் ஒடுங்கிப் பெற்ற சிறகால் ஒருமுறையேனும் பறந்திருக்குமோ என்பதே ஐயம். யான் கண்டு வியந்த அழகின் நிறைவு, அது பயன்படாமற் போனதன் அடையாளம். இதனை அறிந்தபின் பேழையை முன்போல் நோக்க இயலவில்லை. சான்றிதழ் சட்டத்திற்கு விடை கூறும், இதற்குக் கூறாது. விலைக்குக் கொள்வார் இலராயின் கொன்று விற்பாரும் இலராவர் என்று புலால்மறுத்தலில் வள்ளுவனார் காட்டிய நியாயம் ஊனுக்கு மட்டுமன்று, சிறகுக்கும் பொருந்தும்.

அழகைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தென்னமெரிக்கக் காடுகளில் மார்ப்போ என்னும் பெரிய நீலப் பூச்சிகள் உண்டு. அவற்றின் சிறகைப் பதக்கத்திற் பதித்தும் விற்றனர். அந்நீலம் சாயமன்று. சிறகின்மேற் படிந்த நுண்செதிள்களில், கண்ணுக்குப் புலனாகா மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றின்மேற் பட்ட ஒளியில் நீலப்பகுதி மட்டும் வலுப்பெற்று மீளுகின்றது. சிறகைச் சாராயத்தில் நனைத்தால் நீலம் மாறிப் பச்சையாகும். உலர்ந்தால் மீண்டும் நீலமாகும். இதனைப் படித்தபோது சித்தாந்த மாணவர் எவர்க்கும் ஓர் எண்ணம் தோன்றாமற் போகாது. கண்ணுக்குக் காணும் தகுதி உண்டு. ஆயினும் கதிரவன் ஒளி உடன்நின்றாலன்றிக் காணாது. உயிர்க்கு அறியும் தகுதி உண்டு. அருள் உடன்நின்றாலன்றி அறியாது. சிறகும் அவ்வாறே: தகுதி சிறகினது, விளக்கம் ஒளியினது. பேழையை இருட்டறையில் வைத்தால் உடையவன் கையில் இருப்பது சருகு. அவன் எதனை உடையவன் ஆனான்?

நம் முன்னோர் பூச்சியழகை அறியாதவரல்லர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவுவகையாற் பகுக்குமிடத்துத் தும்பியை நான்கறிவுயிரில் வைத்தது. உற்றுநோக்காதார்க்கு அப்பகுப்பு கூடாது. திருவெறும்பூரில் எறும்பு வழிபட்டதென்றும், திருவீங்கோய்மலையில் அகத்தியர் ஈயுருக்கொண்டு வழிபட்டார் என்றும், திருவானைக்காவிற் பந்தரிட்ட சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது என்றும் தலபுராணங்களும் அடியார் வரலாறும் கூறும். (சிலந்தி எண்காலி, பூச்சியன்று என்று இக்காலத்தார் திருத்துவர். இருக்கட்டும்.) இறையனார் பெயரால் வழங்கும் குறுந்தொகைப் பாட்டு ஒரு தும்பியை விளித்துக் கேட்கும் கேள்வி. மணிவாசகப் பெருமான் திருக்கோத்தும்பியில் அரச வண்டை அழைத்து, இறைவன் திருவடியிற் சென்று ஊதுமாறு வேண்டுகின்றார். இவ்விரண்டிலும் தும்பி கையில் அடைபட்டதன்று. கேள்வி கேட்பவர் அது விடை சொல்லக் காத்திருக்கவேண்டும். ஏவி வேண்டுபவர் அது பறந்துபோக விடவேண்டும். ஊசியிற் குத்திய தும்பியைத் திருவடிக்கு அனுப்ப இயலாது.

இங்ஙனம் எழுதி முடித்து, மேனாட்டார் திரட்டினர், நாமோ பாடினோம் என்று பெருமிதத்தோடு மையை உலர்த்த எண்ணியபோது, என் தோளிற் கிடந்த துண்டு கண்ணிற்பட்டது. அது பட்டு.

பட்டுப்புழு தன்னைச் சுற்றி நூற்ற கூட்டில் ஒடுங்கியிருக்கும்போதே ஆவியிலும் வெந்நீரிலும் இட்டுக் கொல்லப்படுகின்றது. அது சிறகுபெற்று வெளிவந்தால் இழை அறும். ஒரு கூட்டின் இழை ஆயிரம் முழத்திற்கு மேல் நீளுமெனினும், மிக மெல்லியதாதலின் ஒரு புடைவைக்குப் பல்லாயிரம் கூடுகள் வேண்டும். இன்னுமொன்று: பல்லாயிரம் ஆண்டு மனிதர் வளர்ப்பிலேயே இருந்தமையால் பட்டுப்பூச்சி இன்று சிறகிருந்தும் பறக்கமாட்டாது. நியூகினிப் பூச்சிக்கு ஒருநாட் பறப்பை மறுத்தார்கள் என்று யான் வருந்தினேன். இவ்வினத்திற்கோ பறப்பென்பதே மறுக்கப்பட்டுவிட்டது. பொன்வண்டும் தப்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டிற் சென்னையிலும் ஐதராபாத்திலும் அதன் சிறகோடுகளை மெல்லாடையில் வைத்துத் தைத்து இங்கிலாந்துச் சீமாட்டிகளுக்கு விற்றனர். சமயமும் இதற்குப் புறம்பன்று. சப்பானில் ஹோரியூசி என்னும் பௌத்தப் பள்ளியில் 7-ஆம் நூற்றாண்டுச் சிறு திருப்பேழை ஒன்று உளது. கொல்லாமை போற்றும் அந்நெறியார் அதன் உலோக வேலைப்பாட்டின்கீழ் எண்ணற்ற மணிவண்டுச் சிறகுகளைப் பதித்தனர். பெரும்பாலன இன்று உதிர்ந்துபோயின.

நாமும் இறைவற்குப் பட்டு சாத்துகின்றோம். பூசைக்குப் பட்டுடுத்தல் தூய்மையென்று பெரியோர் கொண்டனர். திருக்கோயில் வழக்கில் யான் புகுந்து தீர்ப்புக் கூற வல்லேனல்லேன், கூறவும் மாட்டேன். தானே பூச்சி வெளிவந்தபின் எஞ்சிய கூட்டினின்று நூற்கும் பட்டும் இந்நாளிற் கிடைக்கின்றது. சற்றுச் சொரசொரப்பாயிருக்கும்; விலையும் மிகுதி. திருவடிக்குச் சாத்தும் பட்டிற்கு அது ஏற்குமா, பருத்தியே அமையுமா, வழிவழி வந்த வழக்கே தொடரவேண்டுமா என்பதனை ஆகமப் பயிற்சி மிக்க அறிஞர்கள் இவ்விதழில் ஆராய்ந்து எழுதுவராயின் நன்றியுடையேன். அன்பர் தந்த பேழையைப் பூசையறையில் யான் வைக்கவில்லை. எறியவும் மனம் வரவில்லை. புத்தக அலமாரியிற் சித்தியார் உரைநூல்களின் அருகில் இருக்கின்றது.

தைப்பூசத்தன்று அவ்வன்பர் மீண்டும் வந்தார். மேற்கூறிய யாவற்றையும் சுருக்கிச் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. “அப்படியானால் இதை நான் வாங்கியது பாவமா, ஐயா?” என்றார். பாராட்டு விழாக்களில் எனக்குச் சார்த்திய பட்டாடைகள் பெட்டியிற் பதினொன்று மடித்திருக்கின்றன.

“நீ வாங்கியது ஒன்று, தம்பி” என்றேன். “எனக்காக வெந்நீரில் விழுந்தவை எத்தனை என்று நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.”